கிறீனிச்சு நண்பகலும் சென்னை மாலைப்பொழுதும்

இலண்டன் மாநகரை அடுத்த கிறீனிச்சுக் குன்றிலே நண்பகலாகும் வேளையிற் சென்னப்பட்டினத்திலே மாலை 5 மணி 21 நிமிடம் ஆகின்றது. அரசினர் விதித்த நியம நேரங்களை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றின் சராசரி இயக்கம் ஒன்றையே சான்றாகக் கொள்ளுமிடத்து இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள பொழுது வேறுபாடு இதுவேயாம். முன்னோர் அளவையாற் கூறின் பதின்மூன்று நாழிகையும் ஏறத்தாழ இருபத்திரண்டரை விநாழிகையும் ஆகும். இன்று பள்ளி மாணாக்கன் ஒருவன் தேசப்படத்தை நோக்கி நொடிப்பொழுதிற் கணக்கிட்டுவிடக்கூடிய இவ்வெண்ணை ஐயமறத் துணிதற்கு ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. அக்கால எல்லைக்குள் வரையப்பட்ட இந்திய நாட்டுப் படங்கள், அந்நாட்டை அதற்குரிய இடத்தினின்றுஞ் சில மைல் கிழக்கே தள்ளியே காட்டின. எண் துணியப்பட்ட பின்னரோ, அதனை எவ்வூரார் ஏற்பது, எவ்வூரார் மறுப்பது என்னும் வழக்கு எழுந்து அரை நூற்றாண்டுக்கு மேலும் நீடித்தது.

பூமி இருபத்துநான்கு மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகையும், ஒரு பாகைக்கு 4 நிமிடமும் ஆகின்றன. இரண்டு ஊர்களின் நேர வேறுபாடும் நெட்டாங்கு வேறுபாடும் ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். ஒன்றை அறிந்தோன் மற்றையதை அறிந்தோனாவான். ஓர் ஊரின் அகலாங்கை அறிதல் எளிது. துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தறிதற்கு அவ்வூரைவிட்டு எங்கும் போகவேண்டுவதில்லை. நெட்டாங்கின் தன்மை அத்தகையதன்று. ஓர் ஊரில் இருந்துகொண்டே, அதே கணத்தில் வேறோர் ஊரிலே பொழுது என்னவென்று அறிதல் வேண்டும். தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில் இது எவ்வாறு கூடும்? இரண்டு ஊராருக்கும் ஒருங்கே புலப்படும் அடையாளம் ஒன்று வானத்திலே தோன்றினாலன்றிக் கூடாது.

இவ்வுண்மையைப் பண்டையோர் நன்குணர்ந்திருந்தனர். அலெக்சாந்திரியா நகரத்துத் தொலமி என்பார், கி. மு. 331 ஆம் ஆண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணம் ஒன்று மெசொப்பொத்தேமியாவிலுள்ள அர்பேலாவில் இரவு ஐந்தாம் மணியிலும், ஆபிரிக்காவின் வடகரையிலுள்ள கார்த்தேசில் இரண்டாம் மணியிலும் காணப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார். மூன்று மணி வேறுபாடு எனின் 45 பாகை. உண்மையில் அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 34 பாகையே. முறை சரியானது; குறித்துவைத்த மணியே பிழைபட்டது. இந்திய வானநூலாரும் இம்முறையையே கொண்டனர். கணிதத்தாற் பெற்ற கிரகண காலத்துக்கும் கண்ணாற் கண்ட கிரகண காலத்துக்கும் உள்ள வேறுபாட்டு நாழிகையைக்கொண்டு தேசாந்தரத்தைத் துணியும் வழியைச் சூரிய சித்தாந்தம் கூறுகின்றது. அந்நூலார்க்கு ஆதி ரேகை இலங்கையினூடும் உஞ்சைனியினூடும் செல்வது. பூமத்திய ரேகையில் இலங்கை, அதற்குக் கிழக்கே 90 பாகையில் யமகோடி, மேற்கே 90 பாகையில் உரோமகம், நேர் எதிரே சித்தபுரம் என நான்கு நகரங்களை அவர்கள் வகுத்தனர். இலங்கையிற் கதிரவன் உதிக்கும்போது யமகோடியில் நண்பகல், சித்தபுரியில் அத்தமனம், உரோமகத்தில் நள்ளிரவு என்பது அவர்தம் கொள்கை. இவ்விலங்கை கணிதத்தின் பொருட்டுக் கற்பிக்கப்பட்ட ஓர் இடமேயன்றி இன்றைய இலங்கைத்தீவு அன்று. தீவு முழுவதும் பூமத்திய ரேகைக்கு வடக்கேயும், உஞ்சைனியின் நெடுங்கோட்டுக்கு ஏறத்தாழ நான்கு பாகைக்குக் குறையாமற் கிழக்கேயும் உள்ளது. இதனை மறந்து, உலகத்து நேரமெல்லாம் ஒருகாலத்தில் எங்கள் ஊரிலிருந்தே கணிக்கப்பட்டது என்று பெருமை பேசுவாரும் உளர்.

சந்திர கிரகணம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நிகழ்வது. பூமியின் நிழல் விளிம்பும் தெளிவற்றது. ஆதலால் அது நுட்பமான அளவைக்கு உதவாது. 1610 ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரர்களைக் கண்டபோது, வானத்திலே ஒரு மணிக்கூடு தொங்குகின்றது என்பதை விரைவில் உணர்ந்துகொண்டார். அவற்றுள் வியாழனுக்கு மிக அண்மையிலுள்ளது நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை அக்கிரகத்தின் நிழலுட் புகுந்து மறைகின்றது. மறையுங் கணம் உலகில் எங்கிருந்து நோக்குவார்க்கும் ஒன்றே. காசினி என்பார் 1668 இல் இம்மறைவுகளுக்கு வாய்பாடு வெளியிட்டார். அவ்வாய்பாட்டைச் சோதிக்கப் புகுந்த உரோமர் என்னும் தேனிய அறிஞர், மறைவுகள் சில காலங்களில் முந்தியும் சில காலங்களிற் பிந்தியும் காணப்படுவதை ஆராய்ந்து, ஒளி செல்வதற்கும் காலம் வேண்டும் என 1676 இல் அறிவித்தார். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 16½ நிமிடம் வேண்டும். இதனைக் கணக்கிற் சேர்க்காதவன் நெட்டாங்கில் நான்கு பாகை வரையும் பிழைபடுவான். ஊருக்கு ஊர் நேரம் ஒப்பிடப் புகுந்தவர்கள் ஒளியின் வேகத்தையே கண்டடைந்தது விஞ்ஞான வரலாற்றிற் சுவைமிக்க ஒரு நிகழ்ச்சியாகும்.

கிறீனிச்சு வானாராய்ச்சி நிலையம் 1675 இல் இரண்டாம் சாள்சு மன்னனால் நிறுவப்பட்டது. கப்பலோட்டிகளுக்கு நெட்டாங்கு அறியும் வழியைக் காண்பதே அதன் நோக்கம். அங்கிருந்து மாசுக்கலைன் என்பார் 1767 ஆம் ஆண்டுக்கான நாவிகப் பஞ்சாங்கத்தை வெளியிட்டது முதலாக, வியாழனுடைய சந்திரர்கள் மறையும் கிறீனிச்சு நேரம் முன்னதாகவே அச்சேறி உலகெங்கும் சென்றது. ஆயினும் ஆடும் கப்பலின் மேற்றளத்தில் நின்று தொலைகாட்டியால் வியாழனை நோக்குதல் இயலாதவொன்று. கடலுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. யோன் அரிசன் என்னும் தச்சர்மகன் செய்த நான்காவது கடன் மணிக்கூடு, 1761 இற் புறப்பட்ட யமேக்காப் பயணத்தில் எண்பத்தொரு நாளில் ஏறத்தாழ ஐந்து செக்கன் மாத்திரமே பிழைத்தது. அத்தகைய கருவி எளிதிற் கிடைப்பதன்று. நாளொன்றுக்கு ஒரு செக்கன் பிழைக்கும் மணிக்கூட்டை இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 150 நாளிற் சென்னைக்குக் கொண்டுவந்தால், இரண்டரை நிமிடம் பிழைபடும். அஃது ஏறக்குறைய 42 மைலாகும். இரவிலே கரையை அணுகும் மாலுமிக்கு 42 மைற் பிழை உயிர்ப்பிழை.

சென்னைக் கரை அக்காலத்தில் துறைமுகமற்ற திறந்த கரை. அங்கு வந்துபோன கப்பல்களைப்பற்றிய கவலையே கிழக்கிந்தியக் கும்பனியை வானநூலுக்கு இழுத்துவந்தது. கும்பனி உத்தியோகத்தரான வில்லியம் பேற்றி என்பார் 1786 இல் எழும்பூரிலே தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நிலையம் அமைத்திருந்தார். அவர் அளித்த கருவிகளைக்கொண்டு, மைக்கல் தொப்பிங்கு என்பாரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்திலே 1792 இல் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. கருவியைத் தாங்குதற்குப் பதினைந்தடி உயரமுள்ள ஒற்றைக் கருங்கற்றூண் நாட்டப்பட்டது. ஆசியாவிலே கணித விஞ்ஞானங்கள் பிரித்தானியரின் தயாளத்தால் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிக என்னுங் கருத்துப்பட அத்தூணிற் பொறித்தனர். தமிழிலும் வாசகம் வெட்டுவித்தனர். ஆரியபடரும் பாற்கரரும் பிறந்த நாட்டில் இவ்வாசகத்தை நாட்டியவர்களுக்கு அந்நாட்டு வரலாறு தெரியாது என்பதோடு அவ்விடயத்தை விடலாம்.

தொப்பிங்கு 1796 இல் இறந்தபின் நிலையத்தை நடத்திய யோன் கோல்டிங்காம் என்பார் வியாழச் சந்திரர்களின் மறைவுகளைப் பல்லாண்டு பொறுமையுடன் நோக்கிக் குறித்தார். நட்சத்திரங்களைக்கொண்டு சென்னை நேரத்துக்குத் திருத்தப்பட்ட மணிக்கூட்டின் அருகே ஒருவர் இருப்பார்; தொலைகாட்டியில் மற்றவர் இருப்பார். சந்திரன் மறையுங் கணத்துச் சென்னை நேரத்தைப் பஞ்சாங்கம் கூறும் கிறீனிச்சு நேரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு கிடைக்கும். கேட்பதற்கு எளிதான இம்முறையிற் சிக்கல்கள் பல இருந்தன. சந்திரன் விளக்கணைந்தாற்போல் ஒரு கணத்தில் மறைவதில்லை; சிறிது சிறிதாக மங்குகின்றது. பெரிய தொலைகாட்டியுடையவனுக்குப் பிந்தி மறையும். சிறியதுடையவனுக்கு முந்தி மறையும். பஞ்சாங்க வாய்பாடுகளிலும் வழுக்கள் இருந்தன. பல நோக்கல்களின் சராசரியாகக் கோல்டிங்காம் பெற்ற நெட்டாங்கு 80 பாகை 18 கலை 30 விகலை. இன்று கொள்ளப்படுவது ஏறத்தாழ 80 பாகை 14 கலை 54 விகலை. நேரத்திற் பார்த்தாற் பதினான்கு செக்கனே பிழை. பல்லாயிரம் மைல் அப்பாலுள்ள ஊரின் மணியை ஒரு கிரகத்தின் நிழலைக்கொண்டு பதினான்கு செக்கனுக்குள் அறிந்தது பெருஞ் செயலே. ஆனால் நிலத்திற் பார்த்தால் அப்பதினான்கு செக்கன் நான்கு மைலாகும்.

அந்நான்கு மைலும் ஓர் ஊரளவில் நின்றுவிடவில்லை. வில்லியம் இலாம்தன் 1802 ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, சென்னை நிலையத்தின் நெட்டாங்கையே தன் தோற்றுவாயாகக் கொண்டது. தூண் நின்ற இடத்திற் பிழை எனின், அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை சென்ற ஒவ்வொரு புள்ளியிலும் அப்பிழை நிற்கும். பின்னர் 80 பாகை 17 கலை 21 விகலை என்னும் திருத்தம் வழக்கிற்கு வந்தது, அதுவும் பிழைபட்டதே. அதனை அடிப்படையாகக்கொண்டு அச்சிட்ட படங்களின் அடியிலே, நெட்டாங்குகளில் ஏறத்தாழ இரண்டரைக் கலை கழித்துக்கொள்க என்னும் குறிப்பு நெடுங்காலம் இடம்பெற்றது. ஊர்களுக்கு இடைப்பட்ட தூரங்கள் சரியாகவே இருந்தன; நாடு முழுவதுமே ஒருங்கு பெயர்ந்து நின்றது.

கோல்டிங்காம் விடுமுறையிற் சென்றிருந்த 1805 முதல் 1811 வரை நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த யோன் வாரன் என்பாரை இங்கே குறிப்பிடாது விடலாகாது. தமிழர் காலக்கணிதத்தை ஆராய்ந்து 1825 இல் ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூலைச் சென்னையில் வெளியிட்டவர் இவரே. புதுவையிலே பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களைக்கொண்டே 1825 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக்காட்டியதை வாரன் பதிவுசெய்தார். தொடக்கம் நான்கு நிமிட அளவே பிழைத்தது. நடுவும் முடிவும் இருபத்துமூன்று, ஐம்பத்திரண்டு நிமிடங்கள் பிழைத்தன. கணித்தவர்க்கு வாய்பாட்டின் காரணம் தெரியாது. விதி மட்டுந் தெரியும். எனினும் பல நூற்றாண்டு பழமையான வாக்கியங்கள் ஒரு கிரகணத்தை அந்த அளவுக்கு முன்னறிவித்தன என்பது அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. பின்னாளில் அதே நிலையத்தில் உதவியாளராகவிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், வாக்கியக் கணிதத்தைக் கண்கூடான நோக்கலுக்கு இயையத் திருத்தல் வேண்டுமென வாதிட்டுத் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867 இல் உருமாறு நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவரும் இவரே. வாக்கியம், திருக்கணிதம் என்னும் வழக்கு யாழ்ப்பாணத்திலும் இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

கிறீனிச்சுக்கும் சென்னைக்கும் இடையேயிருந்த ஐயத்தைத் தீர்த்தது தந்தி. 1870 இற் சுயெசு, ஏடன் வழியாகப் பம்பாய்வரை கடலடிக் கம்பி போடப்பட்டது. அப்பத்தாண்டிலேயே நில அளவையாளர்கள் சுயெசு, ஏடன், பம்பாய், சென்னை என்னும் இடங்களைத் தந்தியாற் பிணைத்து நேரத்தை ஒப்பிட்டனர். இம்முறையின் நயம் அறிந்து இன்புறத்தக்கது. தந்திக்குறி கம்பியிற் செல்வதற்குச் சிறிது காலம் எடுக்கும். கிழக்கிலிருந்து மேற்கே அனுப்பினால் அக்காலதாமதம் வேறுபாட்டைக் குறைத்துக் காட்டும், மேற்கிலிருந்து கிழக்கே அனுப்பினாற் கூட்டிக் காட்டும். இருவழியும் அனுப்பிச் சராசரி கண்டால் தாமதம் தானே கழிந்துவிடும். மற்றொரு தடையும் இருந்தது. நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்குங் கணத்தைக் குறிப்பதில் ஒருவர் இயல்பாகவே முந்துவார், ஒருவர் பிந்துவார். அதனைக் களைதற்கு நோக்குநர் இருவரும் இடம் மாறி மீண்டும் நோக்குவர். இவ்வாறு பெறப்பட்ட சென்னை நெட்டாங்கு 80 பாகை 14 கலை 51 விகலை. இன்றைய மதிப்புக்கும் இதற்கும் செக்கனில் ஐந்திலொரு பங்கே வேறுபாடு.

நுட்பம் இங்ஙனம் நிறைவுற்றது; மனிதர் வழக்கு அப்போதுதான் சூடுபிடித்தது. புகையிரதம் வருமுன் ஒவ்வோர் ஊரும் தன் ஞாயிற்றையே பின்பற்றியது. இங்கிலாந்திலேயே பிறிஸ்தல் நகரம் இலண்டனுக்குப் பத்து நிமிடம் பிந்தி வாழ்ந்தது. அங்குள்ள பொது மணிக்கூடு ஒன்றில் இரண்டு நிமிட முட்கள் இருந்தன. இந்தியாவிற் கல்கத்தா நேரம் சென்னைக்கு ஏறத்தாழ 33 நிமிடம் முந்தியது. பம்பாய் நேரம் 30 நிமிடம் பிந்தியது. இரண்டுக்கும் நடுவே நின்றமையாலும், வானாராய்ச்சி நிலையம் இருந்தமையாலும், தந்திக்கும் பின்னர்ப் புகையிரதத்துக்கும் சென்னை நேரமே இந்தியா முழுவதற்கும் விதிக்கப்பட்டது. பம்பாயார் இதனை விரும்பவில்லை. அங்கு ஆளுநர் 1881 இற் சென்னை நேரத்தை அரசாங்க அலுவலகங்களுக்கு விதித்தபோது நகரத்தார் வெகுண்டெழுந்தனர்; 1883 இல் அவ்விதி கைவிடப்பட்டது.

1884 ஒற்றோபரில் வாசிங்கடனிற் கூடிய மாநாட்டில் இருபத்தைந்து நாடுகள் பங்குபற்றின. கிறீனிச்சை ஆதி ரேகையாகக் கொள்வதற்கு இருபத்திரண்டு நாடுகள் இசைந்தன. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்காதிருந்தன. ஒரு நாடு எதிர்த்தது. இதன் பின்னர்ச் சென்னையின் எண்ணுக்கு ஆயுள் குறுகிற்று. கிறீனிச்சிலிருந்து முழுமணி அல்லது அரைமணிக் கணக்காக விலகிநிற்கும் நேரமே வசதியானது எனக் கருதி, 82½ பாகை நெடுங்கோட்டுக்குரிய ஐந்தரை மணியை 1906 ஆம் ஆண்டு முதல் இந்திய நியம நேரமாக்கினர். சென்னை மணிக்கூடுகள் ஒன்பது நிமிடம் முன்தள்ளப்பட்டன. எவரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. பம்பாயிலோ ஏறத்தாழ நாற்பது நிமிடம் தள்ளவேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் முந்தி எழுந்து இருளில் ஆலைக்குச் செல்லவேண்டியவர் தொழிலாளர். 1906 சனவரியில் ஆயிரக்கணக்கான நெசவாலைத் தொழிலாளர் தறியை நிறுத்திக் கலகஞ் செய்தனர். முந்திய ஆண்டின் வங்கப் பிரிவினையால் மூண்டிருந்த கோபமும் இதனோடு கலந்தது. கல்கத்தா 1948 வரையும், பம்பாய் மாநகரசபை 1950 வரையும் பழைய நேரத்தை விடவில்லை. பற்று மணிக்கூட்டின்மேலா, மணிக்கூட்டை மாற்றியவர்மேற் கொண்ட வெறுப்பா என்று கேட்பின், இரண்டும் என்பதே பொருந்தும்.

இலங்கையும் 1906 இல் ஐந்தரை மணியை ஏற்றது. யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 80 பாகை நெடுங்கோட்டில் உள்ளது. ஆதலாற் சென்னை ஞாயிற்றுக்கும் யாழ்ப்பாண ஞாயிற்றுக்கும் ஒரு நிமிட வேறுபாடுதானும் இல்லை. கடலாற் பிரிந்த இவ்விரண்டு ஊர்களும் பம்பாயையும் கல்கத்தாவையும் விடப் பொழுதால் நெருங்கியவை. எனினும் சட்டத்தால் அவை பலமுறை பிரிந்தன. யுத்தகாலத்தில், 1942 சனவரியில் இலங்கை மணிக்கூடுகள் அரைமணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டிலேயே அது ஒரு மணியாயிற்று. 1945 ஒற்றோபரிற் பழைய நிலை மீண்டது. மின்தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி 1996 மே மாதத்தில் மீண்டும் ஒரு மணி தள்ளி, அவ்வாண்டு ஒற்றோபரில் அரைமணியாகக் குறைத்தனர். இம்மாற்றத்தை விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகள் ஏற்கவில்லை. ஆதலால் 2002 இற் கண்டிவீதி திறக்கப்பட்டபின், வவுனியாவிலிருந்து வடக்கே செல்வோர் ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்பவேண்டியிருந்தது. வவுனியாவும் கிளிநொச்சியும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் உள்ளவை. ஞாயிறு அவ்விரண்டு ஊர்களுக்கும் ஒரே வேளையில் உச்சிக்கு வந்தது. திருமணத்துக்கு முகூர்த்தம் குறித்தோரும் பேருந்துக்குக் காத்துநின்றோரும் எந்த நேரம் என்று வினவியபின்னரே மணி கேட்டனர். 2006 ஏப்பிரிலில் இலங்கை மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது.

இலண்டனுக்கும் சென்னைக்கும் இன்றுள்ள சட்ட வேறுபாடு மாரியில் ஐந்தரை மணி. பிரித்தானியர் கோடைகால நேரத்தைக் கைக்கொள்ளும் மாதங்களில் நாலரை மணி. 1968 முதல் 1971 வரை அவர்கள் ஆண்டு முழுவதும் ஒரு மணி முந்தியிருந்தமையால், அக்காலத்தில் வேறுபாடு எக்காலமும் நாலரை மணியாகவே இருந்தது. நுங்கம்பாக்கத்து நிலையத்தின் வானநூற் பணி 1899 இற் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அவ்விடத்தில் வளிமண்டலவியல் நிலையம் இயங்குகின்றது. தூண் அங்கேயே நிற்கின்றது. அதன்மேற் சராசரி ஞாயிறு உச்சிக்கு வருவது மணிக்கூட்டில் 12 மணி 9 நிமிடத்துக்கு.